இஸ்கி: ஓர் எழுத்துக் குறியீட்டின் வரலாறும் தமிழ் நெடுங்கணக்கும்

இந்தியத் தர நிர்ணய அமைவனம் 1991ஆம் ஆண்டில் ஐ.எஸ். 13194 என்னும் எண்ணிட்ட தரநிலை ஒன்றை வெளியிட்டது. தகவல் பரிமாற்றத்திற்கான இந்திய எழுத்துக் குறியீடு என்பது அதன் பொருள். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கூட்டி அதனை இஸ்கி என வழங்குவர். சிமெண்டுக்கும் இரும்புக் கம்பிக்கும் தரம் வகுக்கும் அதே அமைவனம் எழுத்துக்கும் தரம் வகுத்தது. இத்தகைய ஆவணங்களைப் பொறியியல் ஆவணங்களாகவே கருதி ஒதுக்குவது மொழித்துறையினரின் வழக்கம். ஆயின் எழுத்து என்பது யாது, அதன் முதனிலை அலகு எது, எந்த எழுத்து எதன்பின் நிற்கும் என்னும் வினாக்களுக்கு விடை காணாமல் இத்தகைய ஆவணத்தின் முதல் அட்டவணையைக்கூட வரைய இயலாது. இஸ்கியை ஓர் எழுத்ததிகாரமாகவும் படிக்கலாம். அரசுத் துறைகள், ஆராய்ச்சி நிறுவனங்கள், தொழில் நிறுவனங்கள் ஆகியவற்றிடையே தகவல் தடையின்றிச் செல்ல வேண்டும் என்ற நோக்கில் எழுந்த இக்குறியீட்டின் வரலாறும், அதன் விளைவாகத் தமிழ் நெடுங்கணக்கு அடைந்த நிலையும் இக்கட்டுரையில் ஆராயப்படுகின்றன.

1. ஒலியா, வடிவா?

கணிப்பொறி எழுத்தை எண்ணாகவே அறியும். ஆங்கிலத்திற்கென 1963இல் அமெரிக்காவில் வகுக்கப்பெற்ற ஆஸ்கி குறியீட்டில் இருந்த இடங்கள் 128. எட்டிலக்க இருமக் குறியீட்டில் இடங்கள் 256 ஆகும். முதற்பாதியை ஆங்கிலத்திற்கு விட்டுவிட்டால் எஞ்சுவன 128 இடங்களே. தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 ஆக 247 எழுத்துகள். கிரந்த எழுத்துகளையும் சேர்த்தால் தொகை இன்னும் மிகும். கூட்டெழுத்துகள் மலிந்த தேவநாகரி, வங்காளம், மலையாளம் ஆகியவற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. ஆகவே எல்லா வடிவங்களுக்கும் தனித்தனி எண் தருதல் அன்றைய கருவிகளில் இயலாதிருந்தது.

இந்நிலையில் இரு வழிகள் திறந்திருந்தன. ஒன்று, ஒலியன்களை மட்டும் எண்ணாகச் சேமித்து, அவை கூடும்போது எழும் வடிவத்தைக் கணிப்பொறியே கண்டு வரையுமாறு செய்தல். மற்றொன்று, அச்சுக்கோப்பவர் கையில் உள்ள அச்செழுத்துகளைப்போல வடிவத் துண்டுகளுக்கு எண் தருதல். முதல் வழி மொழியியல் நோக்கில் செம்மையானது. ஆயினும் அதற்கென எழுதப்பெற்ற நிரல் இல்லாத கணிப்பொறியில் அது இயங்காது. இரண்டாம் வழி எந்தக் கணிப்பொறியிலும் உடனே இயங்கும். ஆனால் அவ்வாறு எழுதப்பெற்ற பனுவலை, அதே எழுத்துரு இல்லாத இடத்தில் படிக்க முடியாது. அரசுத் தரப்பு முதல் வழியையும் அச்சு, பதிப்புத் தொழில் இரண்டாம் வழியையும் பற்றிக்கொண்டன. இஸ்கியின் வரலாறு பெரும்பாலும் இப்பிளவின் வரலாறே எனலாம்.

2. குறியீடு உருவான விதம்

ஒலிவழியின் வேர்கள் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் உள்ளன. அங்கு ஆர். எம். கே. சின்ஹா முதலியோர் எழுபதுகளில் தொடங்கிய தேவநாகரி ஆய்வுகள் முதிர்ந்து, ஒருங்கிணைந்த தேவநாகரிக் கணிப்பொறியாக வடிவெடுத்து, 1983இல் புது தில்லியில் நடைபெற்ற மூன்றாம் உலக இந்தி மாநாட்டில் காட்டப்பெற்றன. நடுவண் அரசின் மின்னணுவியல் துறை தன் முதல் குறியீட்டை வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். 1986இல் இன்ஸ்கிரிப்ட் என்னும் பொது விசைப்பலகை வகுக்கப்பெற்றது. 1988இல் குறியீடு திருத்தம் பெற்றது. அவ்வாண்டிலேயே புனேயில் நிறுவப்பெற்ற சி-டாக் என்னும் உயர்நிலைக் கணிப்பு மேம்பாட்டு மையத்திற்குக் கான்பூரில் மோகன் தாம்பே முதலியோர் உருவாக்கிய ஜிஸ்ட் தொழில்நுட்பமும் சென்று சேர்ந்தது. கணிப்பொறியினுள் செருகும் ஜிஸ்ட் அட்டை ஒன்றிருந்தால், ஆங்கிலத்திற்கென எழுதப்பெற்ற பல நிரல்களிலும் இந்திய எழுத்துகளைத் திரையில் காண இயன்றது. 1991இல் தர நிர்ணய அமைவனத்தின் ஏற்பும் கிட்டியது.

இவ்வரிசையை நோக்கின், துறை, கழகம், மையம், அமைவனம் எனப் பல கைகள் மாறி மாறி இப்பணியைச் செய்துள்ளமை புலனாகும். எட்டாண்டுகளில் ஒரு நாட்டின் பத்து எழுத்து முறைகளுக்குப் பொதுக் குறியீடு கண்டது சிறு செயலன்று.

இதன் அடிப்படைக் கருத்து எளியது. பிராமியிலிருந்து கிளைத்த இந்திய எழுத்து முறைகள் அனைத்திற்கும் ஒலியமைப்பு ஒன்றே, வடிவங்களே வேறு. ஆகவே அவற்றில் வழங்கும் எழுத்துகளையெல்லாம் ஒன்றாகத் தொகுத்து ஒரு பேரட்டவணை செய்து, எல்லா மொழிகளுக்கும் அதே எண்களைத் தரலாம். ககரத்திற்கு எந்த எழுத்து முறையிலும் ஒரே எண். இது தமிழா, தெலுங்கா, குசராத்தியா என்பதை வரியின் முன் நிற்கும் ஒரு சுட்டுக்குறி அறிவிக்கும். தேவநாகரி, வங்காளம், அசாமியம், ஒடியா, குசராத்தி, பஞ்சாபி, தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய பத்தும் இவ்வட்டவணைக்குள் அடங்கின. அரபுவழி எழுத்தில் எழுதப்பெறும் உருது முதலியன இதன் புறத்தே நின்றன. ஒல் சிக்கி, மெய்த்தெய் மயெக் ஆகிய எழுத்து முறைகளுக்கும் இதில் இடமில்லை.

பேரட்டவணைக் கருத்துக்கு மொழித்துறையில் ஒரு முன்னோடி உண்டு. மைய இந்தி இயக்ககம் 1966இல் வெளியிட்ட விரிவாக்கத் தேவநாகரித் திட்டத்தில், பிற இந்திய மொழிகளின் சிறப்பொலிகளை எழுதத் தேவநாகரியில் புதுக் குறிகள் அமைக்கப்பெற்றன. தமிழின் எகர ஒகரக் குறில்களும் ழகர றகர னகரங்களும் அவ்வகையில் தேவநாகரி வடிவம் பெற்றன. அந்நோக்கு இந்தியை நடுவில் வைத்துப் பிற மொழிகளை அதனோடு இணைக்கும் நோக்கு. இஸ்கி ஆவணமும் தன் பொது அட்டவணையைத் தேவநாகரி எழுத்துகளைக் கொண்டே காட்டுகிறது. வசதி கருதிச் செய்ததாக அது கூறினாலும், வரிசையும் பெயரும் அவ்வெழுத்து முறையை ஒட்டியே அமைந்துவிட்டன.

3. தமிழ் நெடுங்கணக்கு அட்டவணையில் நின்ற முறை

பேரட்டவணையில் தமிழுக்கு உரியது குறைவு. வருக்க எழுத்துகளில் ககரம் உண்டு; அதன்பின் மூன்று இடங்கள் தமிழைப் பொறுத்தவரை வெற்றிடம்; பின் ஙகரம். இவ்வெற்றிடங்களால் பெரிய தீங்கு இல்லை. சிக்கல் தமிழின் சிறப்பெழுத்துகளில்தான் தோன்றியது. னகரம் நகரத்தின் பின்னும், றகரம் ரகரத்தின் பின்னும், ளகர ழகரங்கள் லகரத்தின் பின்னும் வைக்கப்பெற்றன. ஒலியொப்புமை நோக்கிய வைப்பு இது. விளைவாக, ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்னும் நெடுங்கணக்கு வரிசை ய, ர, ற, ல, ள, ழ, வ எனத் திரிந்தது. னகரமோ பகரத்திற்கு முன்னே சென்று நின்றது.

கணிப்பொறி சொற்களை எண் நோக்கி வரிசைப்படுத்தும். அக்கா, அண்ணன், அப்பா, அம்மா, அன்னை என்பது அகராதி வரிசை. இதே சொற்களை இஸ்கி எண்களைக் கொண்டு அடுக்கினால் அக்கா, அண்ணன், அன்னை, அப்பா, அம்மா என அன்னை நடுவில் வந்து நிற்பாள். வாக்காளர் பட்டியலிலும் நூலக அட்டவணையிலும் இவ்வரிசை பெயரைத் தேடுவோரை இடர்ப்படுத்தும். அகராதிப் பணியில் இதனை ஏற்கவே இயலாது.

இதனினும் ஆழமானது மெய்யைப் பற்றிய கருத்து. இஸ்கியில் மெய்க்குத் தனி எண் இல்லை. அகரம் ஏறிய ககரமே முதனிலை அலகு. அதனோடு அகரத்தை நீக்கும் குறியைச் சேர்த்தால் ககர மெய் கிடைக்கும். அதாவது, மெய் என்பது உயிர்மெய்யின் குறைந்த வடிவம். தமிழ் இலக்கண மரபில் மெய்யே முதல். உயிர் ஏறிய பின்னரே உயிர்மெய் பிறக்கும். எழுதும் முறையில், புள்ளி பெற்று நிற்பது மெய்யின் இயல்பு, அகரம் சேரும்போது அப்புள்ளி நீங்கும் என்பது தொல்காப்பியர் கொண்ட முறை. இஸ்கி புள்ளியைச் சேர்ப்பதால் மெய் பிறக்கிறது என்கிறது. இலக்கணம் புள்ளியை நீக்குவதால் உயிர்மெய் பிறக்கிறது என்கிறது. கைத்தொழிலாக நோக்கின் இரண்டும் ஒரே கோட்டையும் ஒரே புள்ளியையும் பற்றியனவே. ஆயினும் அகராதியில் 'அக்கா' என்பது 'அகம்' என்பதற்கு முன் வரும்; இஸ்கி எண்முறையில் பின் வரும். மெய் முந்துமா உயிர்மெய் முந்துமா என்ற இலக்கண வினா இங்கு நடைமுறை வினாவாகிவிட்டது.

ஆய்தத்தின் நிலை இன்னும் விந்தையானது. பேரட்டவணையில் அதற்கு உரிய இடம் ஒன்றில்லை. ஆகவே வடமொழி விசர்க்கத்தின் இடத்தில் அது அமர்த்தப்பெற்றது. குறிலுக்கும் வல்லினத்திற்கும் இடையில் நின்று சார்ந்து ஒலிக்கும் ஆய்தமும், சொல்லிறுதியிலும் வரும் விசர்க்கமும் வரிவடிவில் புள்ளிகளால் ஆனவை என்பதைத் தவிர இலக்கணத்தில் வேறானவை.

குறைகளை இவ்வளவு எடுத்துரைத்தபின் ஒலிவழியின் தகுதியையும் மறத்தலாகாது. தமிழ்நாடு அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது ணை, லை, ளை, னை ஆகியவற்றின் கொக்கி வடிவங்களும் ணா, றா, னா ஆகியவற்றின் பழைய சுழி வடிவங்களும் மாறின. ஒலியைச் சேமிக்கும் குறியீட்டில் பழைய வடிவுக்கும் புதிய வடிவுக்கும் எண் ஒன்றே. எழுத்துருவை மாற்றினால் போதும், பனுவலைத் தொட வேண்டியதில்லை. வடிவவழிக் குறியீட்டிற்கு இவ்வாற்றல் இல்லை.

4. பெயர் எல்லை கடக்கும்போது

பொதுக் குறியீட்டின் பெரும்பயனாகக் கூறப்பெற்றது எழுத்துப்பெயர்ப்பு. சுட்டுக்குறி ஒன்றை மாற்றினால் இந்தியில் உள்ள பெயர்ப் பட்டியல் தமிழெழுத்தில் தோன்றும்; தமிழில் உள்ளது வங்காளத்தில் தோன்றும். ஓர் அலுவலகத்தின் தகவல் மற்றோர் அலுவலகத்தில் அப்படியே பயன்பட வேண்டும் என்ற அரசின் தேவைக்கு இதனினும் எளிய விடை இருக்க முடியாது.

மொழிபெயர்ப்பாளர் இங்குச் சற்று நின்று நோக்க வேண்டும். நான்கு ககரங்களை உடைய எழுத்து முறையிலிருந்து ஒரு ககரம் உடைய தமிழுக்கு வரும்போது வேறுபாடு திரையில் மறையும். எனினும் உள்ளே எண் வேறாக இருப்பதால் மீளச் செல்ல வழி உண்டு. தமிழில் உள்ளிட்டதைத் தேவநாகரிக்குக் கொண்டு செல்லும்போது அவ்வழி இல்லை. தமிழ் எழுத்தாளர் 'காந்தி' என்று உள்ளிட்டால், குறியீடு அறிவது வல்லொலிக் ககரத்தையும் வல்லொலித் தகரத்தையுமே. அது தேவநாகரியில் மெல்லொலி இன்றித் தோன்றும். அவ்வாறு தோன்றும் சொல்லுக்கு ஒளி, அழகு என்னும் பொருள் உண்டாதலால் படிப்பவருக்குப் பிழையென்றும் தோன்றாது. கோபால், சங்கர், பாபு எனத் தமிழர் இட்டுக்கொள்ளும் பெயர்கள் பலவற்றின் கதியும் இதுவே. ஒரே மனிதர் ஒரு பதிவேட்டில் ஒரு பெயரினராகவும் மற்றொன்றில் வேறு பெயரினராகவும் ஆகிறார்.

இக்குறை குறியீட்டின் பிழையன்று. தமிழெழுத்து ஒலியனைக் குறிப்பது. மாற்றொலியைச் சூழலே தருகிறது. கங்கையின் முதல் ககரத்தையும் இரண்டாம் ககரத்தையும் தமிழர் வேறாக ஒலிப்பர், ஒன்றாகவே எழுதுவர். எழுத்துப்பெயர்ப்பு வேறு, ஒலிபெயர்ப்பு வேறு என்பது மொழியியலில் தொடக்கப்பாடம். பேரட்டவணை இரண்டையும் ஒன்றெனக் கொண்டது. எல்லா எழுத்து முறைகளும் ஒரே ஒலியமைப்பின் வேறு வேறு உடைகள் என்னும் அதன் முதற்கோள் தமிழிடம் வந்தபோது பொருந்தாமற் போயிற்று.

5. தொழில் நிறுவனங்கள் சென்ற வழி

தரநிலை வெளிவந்ததே தவிரச் சந்தையில் அது நிலைபெறவில்லை. தொண்ணூறுகளில் அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் பரவிய வெளிநாட்டு இயக்க முறைமைகளுக்கு இந்திய எழுத்துகளைக் கூட்டி வரையும் திறன் இல்லை. ஆதலால் மென்பொருள் விற்போர் வடிவவழியையே கொண்டனர். ஒவ்வொரு நிறுவனமும் தன் எழுத்துருவில் வடிவங்களைத் தான் விரும்பிய எண்களில் வைத்தது. நாளிதழ்களும் தத்தமக்கென எழுத்துரு செய்துகொண்டன. ஒருவர் எழுதிய கோப்பு, வேறு எழுத்துரு உடையவர் திரையில் பொருளற்ற குறிகளின் கூட்டமாகக் காட்சியளித்தது. துறைக்கொரு மென்பொருள் வாங்கிய அரசு அலுவலகங்களுக்கிடையே தாளில் அச்சிட்டு அனுப்புவதே உறுதியான வழியாக நீடித்தது.

தமிழர் இச்சிக்கலுக்குத் தாமே தீர்வு காண முயன்றனர். கடல் கடந்து வாழும் தமிழர்கள் இணையவழி விவாதித்து திஸ்கி என்னும் குறியீட்டை உருவாக்கினர். 1997இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முயற்சியால் தமிழ் இணைய மாநாடு கூடியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நாடு அரசு நடத்திய மாநாட்டின் பயனாக டாப், டாம் என்னும் இரு குறியீடுகளும் தமிழ்99 விசைப்பலகையும் அரசின் தரமாக ஏற்கப்பெற்றன. இவை யாவும் வடிவவழி சார்ந்தவை. நடுவண் அரசின் தரம் ஒன்று, மாநில அரசின் தரம் மற்றொன்று, அயலகத் தமிழர் தரம் வேறொன்று என, தகவல் பரிமாற்றத்திற்கான தரங்களே பரிமாற்றத்திற்குத் தடையாயின. தமிழ்99 விசைப்பலகை மட்டும் குறியீடுகள் மறைந்த பின்னும் நிலைத்தது. உயிருக்கும் மெய்க்கும் தனித்தனி விசை தந்து உயிர்மெய்யைப் புணர்ச்சியால் பெறும் அதன் அமைப்பு தமிழ் எழுத்திலக்கணத்தோடு இயைந்தது என்பதை இங்குக் குறிப்பிடலாம்.

இஸ்கி முற்றிலும் வீண்போகவில்லை என்பதற்கு மொழியியலாரே சான்று. மின்னணுவியல் துறையின் இந்திய மொழித் தொழில்நுட்பத் திட்டத்தின்கீழ்த் தொண்ணூறுகளில் தொகுக்கப்பெற்ற இந்திய மொழித் தரவகங்கள் இஸ்கியில் சேமிக்கப்பெற்றன. தமிழ் உள்ளிட்ட திராவிட மொழிகளின் தரவகப்பணி மைசூர் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தில் நடைபெற்றது. பின்னர் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகம் எமிலி என்னும் தெற்காசிய மொழித் தரவகத் திட்டத்தை மேற்கொண்டு மைசூர்த் தரவுகளையும் அதில் இணைத்தது. வலையிலிருந்து திரட்டிய பனுவல்களுக்கு எழுத்துருதோறும் தனித்தனி மாற்றட்டவணை செய்ய வேண்டியிருந்தது. இஸ்கியில் இருந்தவற்றிற்கு மொழிக்கு ஒரு பொது விதி போதுமானதாயிற்று. அலுவலகம் கைவிட்ட தரநிலை ஆய்வாளனுக்குக் கைகொடுத்தது.

6. ஒருங்குறியில் உறைந்தவை

யூனிகோட் எனப்படும் ஒருங்குறியின் முதற்பதிப்பும் 1991இலேயே வெளிவந்தது. உலக மொழிகள் அனைத்திற்கும் எண் வழங்கப் புறப்பட்ட அமெரிக்கக் கணிப்பொறி நிறுவனங்களின் கூட்டமைப்பு, இந்திய எழுத்துகளுக்கு இந்திய அரசின் குறியீட்டையே மூலமாகக் கொண்டது. அம்மூலம் 1991ஆம் ஆண்டுத் தரநிலையன்று, 1988ஆம் ஆண்டு வடிவம். ஒருங்குறி ஒவ்வோர் எழுத்து முறைக்கும் 128 இடங்கள் கொண்ட தனிப்பகுதி தந்தது. ஆனால் பகுதிக்குள் பேரட்டவணை வரிசையை அப்படியே வைத்தது. தேவநாகரிக் ககரத்தின் எண் 2325, தமிழ்க் ககரத்தின் எண் 2965, வேறுபாடு 640. விரிவாக்கத் தேவநாகரியின் ழகரம் 2356. தமிழ் ழகரம் 2996. இங்கும் வேறுபாடு அதே 640. ஒரு துறையின் இடைக்கால ஆவணம் இவ்வாறு உலகத் தரமாயிற்று.

2000இல் வெளிவந்த விண்டோஸ் பதிப்பு தேவநாகரிக்கும் தமிழுக்கும் ஒருங்குறிவழி எழுத்தைக் கூட்டி வரையும் ஆற்றலைத் தந்தபின் வடிவவழி எழுத்துருக்கள் படிப்படியாகப் பின்வாங்கின. நடுவண் அரசு 2009 நவம்பரில் மின்னாளுகைக்குரிய எழுத்துக் குறியீடாக ஒருங்குறியை அறிவித்தது. 2010இல் தமிழ்நாடு அரசும் ஒருங்குறியை ஏற்றது. அதனோடு, ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண் தரும் டேஸ்16 என்னும் பதினாறிலக்கக் குறியீட்டையும் ஏற்றது. தமிழுக்கு ஒதுக்கிய 128 இடங்களில் இன்று எழுத்தும் குறியுமாக நிரம்பியவை 72 ஆகும்.

ஒருங்குறியில் ஒருமுறை தந்த எண்ணும் பெயரும் மாற்றப்படா என்பது கூட்டமைப்பின் உறுதி. உலகெங்கும் சேமித்த பனுவல்கள் கெடாமல் இருக்க இவ்வுறுதி வேண்டுவதே. ஆகவே சேர்க்கலாம், நகர்த்த முடியாது. வங்காளத்தின் கண்ட தகரம் 2005இலும், நெடிய வாதத்திற்குப்பின் மலையாளச் சில்லெழுத்துகள் 2008இலும், தமிழின் பின்னக் குறிகள் முதலிய 51 குறிகள் 2019இலும் சேர்க்கப்பெற்றன. தமிழ் நெடுங்கணக்கின் வரிசைக்கு அவ்வழி இல்லை. வரிசைப்படுத்தலுக்கெனத் தனி விதிகள் பின்னர் வகுக்கப்பெற்றன. அவற்றைப் பின்பற்றும் நிரல்களில் அன்னை அம்மாவுக்குப் பின் வருவாள். பின்பற்றாத நிரல்களில் பழைய இடத்திலேயே நிற்பாள்.

பெயர்களும் அவ்வாறே. புள்ளியின் பெயர் விராமம். தமிழில் வழங்காத அனுசுவாரக் குறி ஒன்று தமிழ்ப்பகுதியில் எண் பெற்றுள்ளது. தமிழில் வழங்குவதில்லை என்ற குறிப்பும் அதன்கீழ் உள்ளது. அதற்கு அடுத்த எண் ஆய்தத்தினுடையது. வகைப்பாட்டில் அது இன்று தனி எழுத்தாகவே கொள்ளப்படுகிறது. அட்டவணையில் அதன் பெயர் 'தமிழ் விசர்க்கக் குறி'. ஆய்தம் என்பது அதன்கீழ்ச் சிற்றெழுத்தில் மறுபெயராகத் தரப்பட்டுள்ளது.